விளக்கை அணைத்தால் பழுது தீருமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

இயந்திரம் வாய் பேசாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் மெக்கானிக் அதன் ஓசையைக் கேட்டும், புகையின் நிறத்தைப் பார்த்தும், எண்ணெயை விரலால் தொட்டு முகர்ந்தும் பழுதை அறிந்தார். கரும்புகை என்றால் எரிபொருள் மிகுதி. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். இந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியும் நடத்தவில்லை. குருவிடம் அடி வாங்கிக் கற்ற பாடம் அது. இன்றோ இயந்திரமே பேசுகிறது. தனக்கு எங்கே வலிக்கிறது என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதிக் காட்டுகிறது. அதன் பேச்சைக் கேட்க நமக்குக் காது இருக்கிறதா, கேட்டபின் அதற்கு நேர்மையாக விடை சொல்கிறோமா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

இதைக் கேட்பதற்கு நம்மைவிடத் தகுதி உடையோர் யார்? வட சென்னை இயந்திரங்களின் ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் நம் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்டாக வளர்ந்து, எண்ணூரின் பெயரை நாடெங்கும் ஓடும் லாரிகளிலும் பேருந்துகளிலும் ஏற்றியது. திருவொற்றியூரின் பெயரை 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் சுமந்தன. இன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்திலிருந்து புதுக் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. இத்தொழிற்சாலைகளின் நிழலில்தான் நம் தெருக்களின் சிறு பட்டறைகள் முளைத்தன. அந்தப் பட்டறைகளில் சம்பாதித்த காசில்தான் என்னைப் போன்றோர் இன்று இந்தக் கல்லூரியின் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெறப் போகும் முதல் ஆள் நான். ஆகவே பட்டறைக்காரர்களின் பிழைப்பைப் பற்றிய எந்தக் கேள்வியும் எனக்கு வீட்டுக் கேள்வியே.

பிழைக் குறி என்பது யாது?

காரின் ஸ்டியரிங் அடியில் பதினாறு ஊசித்துளைகள் கொண்ட ஒரு சிறு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பாரத் நிலை விதிகள் இதனைக் கொண்டுவந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியும், 2023 ஏப்ரலில் வந்த அதன் இரண்டாம் கட்டமும், வண்டி தன்னைத் தானே ஓயாமல் சோதித்துக் கொள்ள வேண்டும் என்பதை மேலும் இறுக்கின. ஸ்கேனர் என்னும் கருவியை அந்தச் சாக்கெட்டில் செருகினால், வண்டியின் கணிப்பொறிகள் எழுதி வைத்திருக்கும் பிழைக் குறிகளைப் படிக்கலாம். ஒவ்வொரு குறியும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. முதல் எழுத்து, பழுது உந்துபகுதியிலா, உடற்பகுதியிலா, அடிச்சட்டப் பகுதியிலா, கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பித் தொடர்பிலா என்று கூறும். அடுத்த இலக்கம், அக்குறி எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானதா, ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதா என்பதைச் சொல்லும்.

இக்குறிகளிலும் வகைகள் உண்டு. ஒருமுறை மட்டும் ஐயம் தோன்றினால் அது 'நிலுவைக் குறி'. மீண்டும் அதே பிழை தென்பட்டால் அது உறுதிப்பட்டு, முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். அப்போது வண்டியின் வேகம் என்ன, சூடு என்ன, இன்ஜின் சுமை என்ன என்பதையெல்லாம் ஒரு புகைப்படம் போலக் கணிப்பொறி பதிந்து வைக்கும். பழுது தானே நீங்கி, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் விளக்கு அணையும். ஆனால் குறி உடனே மறையாது. இன்ஜின் நாற்பது முறை சூடேறி ஆறும் வரை அப்பிழை தலைகாட்டாதிருந்தால்தான் நினைவிலிருந்து நீங்கும். இவை போக, அமெரிக்காவில் 2010 மாடல் வண்டிகள் முதல் படிப்படியாக வந்த 'நிலைக் குறி' ஒன்று உண்டு. அதை எந்த ஸ்கேனராலும் அழிக்க முடியாது. பேட்டரி வயரைக் கழற்றினாலும் போகாது. பழுது தீர்ந்ததென்று வண்டியே ஓடிப் பார்த்துத் தெளிந்தால் மட்டுமே அதைத் தன் கையால் அழிக்கும்.

என்ன அழகான ஏற்பாடு! குற்றம் சாட்டியவனே, குற்றம் நீங்கியதென்று தன் கண்ணால் கண்டபின் வழக்கைத் திரும்பப் பெறுகிறான். இதை வகுத்தவர்கள் மனித மனத்தை நன்கு அறிந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். பழுதைத் தீர்ப்பதைவிட விளக்கை அணைப்பது எளிது, மனிதன் எளியதையே முதலில் செய்வான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹைப்ரிட் வண்டியின் தனிச் சிக்கல்

இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார் 1997-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2013-இல் கேம்ரி ஹைப்ரிட் வந்தது. 2022 முதல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றிலும் ஹைப்ரிட் வகைகள் வந்து, டிராவல்ஸ்காரர்கள் கையிலும் புழங்கத் தொடங்கிவிட்டன.

சாதாரணக் காரில் பெரும்பாலும் இன்ஜின் கணிப்பொறியைக் கேட்டால் போதும். ஹைப்ரிட் காரிலோ இன்ஜினுக்கு ஒன்று, மின்கலத் தொகுதிக்கு ஒன்று, மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, இவற்றுக்கெல்லாம் தலைமையாக ஒன்று எனப் பல கணிப்பொறிகள் அமர்ந்திருக்கின்றன. ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு குறியை எழுதும். பஞ்சாயத்தில் ஒருவர் புகார் கூற, மற்ற நால்வரும் "ஆமாம், எனக்கும் தெரியும்" என்று கைதூக்குவது போல! பழுதுபார்த்தபின் இன்ஜின் கணிப்பொறியில் மட்டும் குறியை அழித்தால், மற்றவை தம் குறியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரிப்பேருக்குப் பிறகும் விளக்கு அணையாததற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பன்னிரண்டு வோல்ட் சிறு பேட்டரி. பெரிய மின்கலம் எத்தனை நூறு வோல்ட் வைத்திருந்தாலும், கணிப்பொறிகளுக்குச் சோறு போடுவது இந்தச் சிறு பேட்டரிதான். ரிப்பேருக்காக வண்டி பல நாள் நின்றுவிட்டால் அது சோர்ந்துவிடும். சோர்ந்த பேட்டரியில் விழித்த கணிப்பொறிகள், இல்லாத பழுதுகளையெல்லாம் எழுதித் தள்ளும். பழுது தேடும் முன் அதன் மின்னழுத்தத்தை அளக்காதவர் இருட்டில் தேடுகிறார்.

மூன்றாவது காரணம் மிக எளிது: பழுது இன்னும் இருக்கிறது. மின்கலத்துக்குக் குளிர்காற்று இழுக்கும் விசிறியின் வடிகட்டி தூசியால் அடைத்துக்கொண்டால் மின்கலம் சூடேறும். மின்கலத் துண்டுகளை இணைக்கும் செம்புப் பட்டைகளில் களிம்பு பிடித்தால் மின்னழுத்தக் கணக்கு தவறும். கணக்கு தவறினால், 'மின்கலத் தொகுதியை மாற்றுக' என்று பொருள்படும் பி0ஏ80 குறி எழவும் கூடும். மணலித் தூசியும் எண்ணூர் உப்புக்காற்றும் எவ்வளவு என்பதை நம் வீட்டு ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தாலே தெரியும். களிம்பைத் துடைத்து, பட்டையை மாற்றிச் சரிசெய்யக்கூடிய பழுதுக்கு மின்கலம் முழுவதையும் மாற்றச் சொன்னால், ஒரு வாடகைக் காரோட்டியின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துவிடும். குறி சொல்வது அறிகுறியைத்தான். நோயைத் தேட வேண்டியவர் மனிதர். நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பிறகே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருப்பது வண்டி வைத்தியத்துக்கும் பொருந்துகிறதன்றோ?

பட்டறையில் கண்டது

நிற்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பார்கள். எனவே நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். என் தாய்மாமன் திருவொற்றியூரில் ஒரு சிறு ஷெட் வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கையோ, பிரித்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டும் கை. சென்ற ஆண்டு ஒரு டிராவல்ஸ்காரரின் ஹைப்ரிட் கார் அங்கே கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. வேறோரிடத்தில் மின்கலப் பட்டைகளைச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறார்கள். குறிகளையும் அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வண்டி 'ரெடி' நிலைக்கே வரவில்லை. முகப்பில் மூன்று விளக்குகள் எரிந்தன.

மாமாவிடம் இருந்தது கைப்பேசியோடு இணையும் சிறு டப்பி. அது இன்ஜின் கணிப்பொறியை மட்டுமே படித்தது. "கோடு எதுவும் இல்லை" என்றது. முகப்பில் விளக்கு எரிகிறது, கருவி ஒன்றுமில்லை என்கிறது! கம்பெனி ஸ்கேனர் வாங்கும் வசதி அவருக்கு இல்லை. ஒரு நண்பரிடமிருந்து பெரிய ஸ்கேனரை நாள் வாடகைக்கு எடுத்து வந்தார். அதைச் செருகியதும் தலைமைக் கணிப்பொறியில் பி0ஏ0டி என்ற குறி தெரிந்தது. ஆங்கில விளக்கத்தை நான் படித்துச் சொன்னேன். உயர்மின்னழுத்தச் சுற்றின் பாதுகாப்புப் பூட்டு திறந்திருக்கிறது என்பது அதன் பொருள்.

"பூட்டுன்னா எந்தப் பூட்டு மாப்ளே? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.

இந்தப் பூட்டைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். ஹைப்ரிட் காரின் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் ஓடும் மின்னழுத்தம் விளையாட்டல்ல. பழைய பிரியஸ் காரில் 7.2 வோல்ட் துண்டுகள் 28 சேர்ந்து 201.6 வோல்ட். எனவே மின்கலத்தை இரண்டாகத் துண்டிக்க ஒரு சர்வீஸ் பிளக் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றியபின் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டம் வடியும் நேரம் அது. வகுப்பில் மின்தேக்கியின் மின்னிறக்க வளைவரையை வரைபடத் தாளில் வரைகிறோமே, அதே வளைவரைதான். அங்கே தவறினால் மதிப்பெண் குறையும். இங்கே தவறினால் உயிர் போகும். பிளக், மூடிகள் எல்லாம் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்க்க ஒரு மெல்லிய தனிச் சுற்று வளைய வருகிறது. அது எங்கேனும் திறந்திருந்தால் கணிப்பொறி உயர்மின்னழுத்தத்தைச் சேர விடாது.

மாமா ரப்பர் கையுறை அணிந்து, பிளக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தவறி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. பத்து நிமிடம் கழித்து மீட்டரால் அளந்து பார்த்தபின்தான் உள்ளே கை வைத்தார். மற்ற மூடிகளெல்லாம் சரியாக இருந்தன. பிளக்கில்தான் விஷயம் இருந்தது. அதன் கைப்பிடியைச் செருகி நிமிர்த்தினால் மட்டும் போதாது. கடைசியில் ஒரு தள்ளுத் தள்ளிப் பூட்ட வேண்டும். முன்பு மாட்டியவர் நிமிர்த்தியதோடு விட்டிருக்கிறார். அந்தக் கடைசித் தள்ளில்தான் பாதுகாப்புச் சுற்றின் ஊசி சேர்கிறது. மாமா பூட்டினார், 'டக்' என்ற ஓசை கேட்டது. சிறு பேட்டரி சோர்ந்திருந்ததால் பிரேக் கணிப்பொறி எழுதி வைத்திருந்த தொடர்புக் குறி ஒன்றும் மிச்சமிருந்தது. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, எல்லாக் குறிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டபின் ஒவ்வொன்றாக அழித்தார். 'ரெடி' விளக்கு வந்தது.

மாமா காரின் சொந்தக்காரரிடம், "நாலு நாள் ஓட்டிட்டுக் கொண்டாங்க சார். திரும்ப ஒருதடவை செருகிப் பாக்கணும்" என்றார். அவரோ, "அதான் லைட் போயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை. அன்று மாமாவுக்குக் கிடைத்த கூலியில் ஸ்கேனர் வாடகை போக மிஞ்சியது ஒரு நாள் சாப்பாட்டுக்கே சரியாகப் போயிற்று. பழுதைக் கண்டுபிடிக்கப் பிடித்தது அரை நாள். தீர்க்கப் பிடித்தது ஒரு தள்ளு. மக்கள் அந்தத் தள்ளுக்குத்தான் கூலி தருகிறார்கள். தேடியதற்கு யாரும் தருவதில்லை.

அழிப்பது வேறு, தீர்ப்பது வேறு

"லைட் போயிடுச்சே" என்ற அந்தச் சொல்லில்தான் நம் காலத்தின் நோய் இருப்பதாக நான் கருதுகிறேன். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும். அதோடு பழுது நேர்ந்த வேளையின் பதிவும் அழியும். வண்டி தன்னைச் சோதித்துத் தேறிய கணக்கும் பூச்சியமாகும். நல்ல மெக்கானிக் அடுத்து வந்தாலும் அவருக்குத் தடயம் கிடைக்காது. கைரேகையைத் துடைத்துவிட்டுத் திருடனைத் தேடச் சொல்வது போன்றது இது.

பழைய கார் வாங்குவோர் நிலையை எண்ணிப் பாருங்கள். விற்பவர் காலையில் குறியை அழித்துவிட்டு மாலையில் காரைக் காட்டுகிறார். முகப்பு சுத்தமாக இருக்கிறது. வாங்குபவரோ மனைவியின் நகையை அடகு வைத்துக் கடன் வாங்கி டாக்சி ஓட்ட நினைப்பவர். ஒரு வாரம் கழித்து விளக்கு எரியும்போது விற்றவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். இதற்கும் வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் புகைச் சோதனைக்கு வரும் வண்டியில், சோதனைக் கணக்குகள் பூச்சியமாக இருந்தால் சான்றிதழ் தரமாட்டார்கள். 2019 ஜூலை முதல் நிலைக் குறி இருந்தாலும் தேறாது. குறியை அழித்தபின் இன்ஜின் 15 முறை சூடேறி, வண்டி 200 மைல் ஓடியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. நம் ஊரிலோ புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகிச் சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் மனச்சாட்சியை யாரும் கேட்பதில்லை.

இது பணக்காரர் காரைப் பற்றிய பேச்சு, நமக்கென்ன என்று சில நண்பர்கள் எண்ணக்கூடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயிலுக்காக இரவெல்லாம் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். பி.எஸ். 6 லாரிகள் பலவற்றில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் பாய்ச்சப்படுகிறது. அந்த அமைப்பில் பழுதுக் குறி விழுந்து அதைக் கவனிக்காவிட்டால், இன்ஜின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றிய சரக்கோடு டிரைவர் நடுவழியில் நிற்பார். அவருடைய பேட்டாவும் அங்கேயே நிற்கும். குறி படிக்கத் தெரிந்த ஒரு பட்டறை அருகில் இருப்பதும் இல்லாதிருப்பதும் அந்தக் குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செய்தி.

மொழி யாருக்குச் சொந்தம்?

இயந்திரம் பேசுகிறது என்றேன். அதன் மொழியில் ஒரு பகுதி பொதுமொழி; மறுபகுதி கம்பெனியின் இரகசிய மொழி. அகராதி கம்பெனியிடமும் அதன் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களிடமும் மட்டுமே இருக்கிறது. இது நியாயமா?

இக்கேள்வி நம் நாட்டிலேயே எழுந்து, தீர்ப்பும் கண்டது. 2011-இல் ஒரு குடிமகன் இந்தியப் போட்டி ஆணையத்தில், கார்க் கம்பெனிகள் உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தருவதில்லை என்று முறையிட்டார். விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-இல் ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் 2012-இலும் 2020-இலும் வாக்களித்தே 'பழுதுபார்க்கும் உரிமை'யைச் சட்டமாக்கினார்கள். 2022 ஜூலையில் நம் மத்திய நுகர்வோர் துறையும் இவ்வுரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணைய வாயிலும் திறக்கப்பட்டது. ஆனால் டெல்லியில் திறந்த வாயிலின் வெளிச்சம் திருவொற்றியூர் ஷெட்டுக்குள் இன்னும் விழவில்லை என்பதை என் கண் சொல்கிறது.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்பதே நேர்மை. உயர்மின்னழுத்தத்தில் பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள் கம்பெனியார். வண்டியின் கணிப்பொறிக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் திருடனும் நுழைவான் என்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. நானே அந்த ஆரஞ்சுக் கம்பிகளின் அருகே நின்று அஞ்சியிருக்கிறேன். ஆயினும், ஆபத்து என்பது கற்றுக்கொடுப்பதற்கான காரணமேயன்றிக் கதவடைப்பதற்கான காரணமாகாது. கதவை அடைத்தால் வண்டி பட்டறைக்கு வராமல் போய்விடுமா? உத்தரவாதக் காலம் முடிந்ததும் வந்தே தீரும். அப்போது அகராதி இல்லாத கையும் கையுறை இல்லாத கையும் உள்ளே போகும். அதுவன்றோ உண்மையான ஆபத்து?

செய்ய வேண்டுவன

குறை சொல்வது மட்டும் மாணவர் பணியாகாது. என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலாவதாக, ரிப்பேர் முடிந்து வண்டியைத் தரும்போது பில்லோடு ஒரு குறிப்புத் தாளும் தர வேண்டும். வந்தபோது இருந்த குறிகள், கண்ட காரணம், செய்த வேலை, அழித்த குறிகள், மீண்டும் சோதிக்க வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். மருத்துவர் சீட்டு எழுதும் நாட்டில் மெக்கானிக்கும் எழுதலாம். எழுதினால் அவர் தேடியதற்கும் கூலி கேட்கும் உரிமை பிறக்கும்.

இரண்டாவதாக, புகைச் சோதனை நிலையங்களிலும் பழைய வண்டி கைமாறும் இடங்களிலும் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும். சோதனைக் கணக்கு பூச்சியமாக இருந்தால், 'அண்மையில் அழிக்கப்பட்டது' என்று சீட்டிலேயே எழுத வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு ஷெட்டும் தனித்தனியே விலையுயர்ந்த ஸ்கேனர் வாங்க முடியாது. பத்து ஷெட்டுகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி வளர்ந்த தமிழகத்தில் இது புது யோசனையன்று. அதோடு உயர்மின்னழுத்தப் பயிற்சியை மாலை வேளைகளில், தமிழில், நம் பகுதித் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்த வேண்டும். சான்றிதழ் பெற்றவருக்குக் கருவியைத் தர மறுக்கக் கம்பெனிக்கு அப்புறம் என்ன சாக்கு இருக்கும்?

நான்காவதாக, நம் பங்கு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சி தர முன்வந்தன. நாம் பெற்றதில் ஒரு பங்கைப் பட்டறைக்குத் திருப்பித் தரலாமே! இயற்பியல் மாணவர் மின்காப்புத் தடையை அளப்பது எப்படி என்று விளக்கலாம். கணிப்பொறி மாணவர் குறிகளின் பொருளைத் தமிழில் தொகுக்கலாம். தமிழ் பயிலும் நண்பர்கள் அதற்கு எளிய நடை கொடுக்கலாம். நூறு குறிகளுக்குத் தமிழ் விளக்கம் கொண்ட ஒரு சிறு கையேட்டை நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் வெளியிட்டால், ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு ஷெட்டின் சுவரிலும் அது தொங்கும்.

ஊருக்கும் உண்டு பிழைக் குறி

இறுதியாக ஒன்று. 2017 சனவரி 28 அதிகாலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவால் பாதிப்பில்லை என்ற அறிவிப்புத்தான் முதலில் வந்தது. விளக்கு அணைக்கப்பட்டது! ஆனால் கடல் பொய் சொல்லவில்லை. கரிய எண்ணெய்ச் சேறு கரையில் வந்து ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளால் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகுகளும் வலைகளும் கறுத்தன. ஒரே குறி இரண்டாம் முறை எழுந்தால் அதை 'உறுதிப்பட்ட குறி' என்று கார் சொல்கிறது. ஒரு காருக்கு இருக்கும் நேர்மை ஊரை ஆள்வோருக்கும் தொழில் நடத்துவோருக்கும் வேண்டாமா? நிவாரணத் தொகையும் துப்புரவுப் பணியும் தேவைதான். ஆனால் அவை குறியை அழிக்கும் வேலை. எண்ணெய் எந்தக் குழாயிலிருந்து, யாருடைய கவனக்குறைவால் வந்தது, அது மீண்டும் வராதிருக்க எதைப் பூட்டினார்கள் என்ற விடைதான் பழுதைத் தீர்க்கும் வேலை.

மாணவ நண்பர்களே! நாம் படித்து முடித்து அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் போய் அமரப் போகிறவர்கள். அங்கே நம் மேசைக்கும் மஞ்சள் விளக்குகள் வரும். ஒரு தொழிலாளியின் புகாராக, ஒரு மாணவனின் தொடர் தோல்வியாக, ஒரு கணக்கில் இடிக்கும் தொகையாக வரும். பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு நல்ல பெயர் வாங்குவது எளிது. அந்த வேளையில், பழுது எங்கே என்று தேட அரை நாள் செலவிட நமக்குப் பொறுமை வேண்டும். தேடியவருக்கு உரிய கூலியைத் தர நமக்கு மனம் வேண்டும். தீர்ந்ததா என்று நான்கு நாள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பொறுப்பும் வேண்டும். பட்டத்தோடு இந்த மூன்றையும் பெற்று வெளியேறுவோமாக!